ஆறுமுடிக் கப்பலில் வந்தவர்கள்

ஐப்பசி மழை பொய்த்துப்போன ஒரு வருஷம், மூன்று தலைமுறைக்கு முன்னால் இரும்புக்கு உடைக்கப்பட்டுவிட்ட ஆறுமுடிக் கப்பல், புது வர்ணம் பூசிக்கொண்டு கோரைத்துறைக்குத் திரும்பி வந்தது. அதன் முறையான பெயர் லேடி ஆர்மிடேஜ். வெள்ளைக்காரன் காலத்தில், நாகப்பட்டினத்துக்குத் தெற்கே இருக்கிற இந்தச் சின்னத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன நீராவிக் கப்பல் அது. மேல்தட்டில் துரைமாரும் துரைசானிகளும் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்க, கீழ்த்தட்டில் ரப்பர்த் தோட்டத்துக்குப் பிடிக்கப்பட்ட சனங்கள் மூட்டையோடு மூட்டையாக அடைந்துகிடக்க, அந்த இங்கிலீஷ்ப் பெயர் வாயில் நுழையாதவர்கள் ஆறுமுடி ஆறுமுடி என்று சொல்லிச் சொல்லியே ஏறிப்போனார்கள். போனவர்களில் திரும்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இப்போது வந்தது சென்னைக் கம்பெனி ஒன்று பழைய படங்களைப் பார்த்து அச்சு அசலாகக் கட்டிய கப்பல். அதே தேக்கு, அதே பித்தளைக் கைப்பிடி, அதே கறுப்புப் புகைபோக்கி. புகை மட்டும் பொய்ப்புகை. பணக்காரர்கள் குடும்பத்தோடு வந்து சாயங்காலம் ஏறுவார்கள். அந்தக் காலத்துத் தொப்பியும் கவுனும் போட்டுக்கொண்டு விருந்து சாப்பிடுவார்கள். கப்பல் கரை தெரியாத தூரம் போய் ஒரு வட்டம் அடித்துவிட்டு, விடிந்ததும் ஏறின இடத்திலேயே அவர்களை இறக்கிவிடும். கீழ்த்தட்டு மட்டும் இந்தக் கப்பலில் கிடையாது. அந்த இடத்தில் நீச்சல் குளமும், எண்ணெய் தேய்த்துவிடும் அறைகளும் இருந்தன.

அந்தக் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தாள் பிலோமினா. அந்தோணியார் கோயிலுக்குப் பின்னால் வீடு. கணவன் இல்லை. ஒரே மகன் டெல்வின், மலேசியாவில் ஓட்டல் வேலை என்று ஒரு ஏஜெண்டு சொன்னதை நம்பிப் போனவன், போன இடத்தில் ஓட்டல் இல்லாமல் ஏதோ ஒரு மீன்பிடிக் கப்பலில் ஏற்றிவிடப்பட்டு, நடுக்கடலிலிருந்து ஒரே ஒரு தடவை பேசினான். காற்றுச் சத்தத்துக்கு நடுவில், நல்லா இருக்கேன்மா, மாத்திரையை மறக்காம போடு என்று சொன்னான். அதோடு சரி. பிலோமினா கலெக்டர் ஆபீசுக்குப் போனாள், தூதரகத்துக்கு எழுதிப் போட்டாள், பங்குச்சாமியாரிடம் பூசை கேட்டாள். உயிரோடு இருப்பவனுக்கான பூசையா, இறந்தவனுக்கான பூசையா என்று சாமியார் கேட்டபோது எழுந்து வந்துவிட்டாள். கப்பல் வேலையில் அவள் சேர்ந்தது வருமானத்துக்கு மட்டுமல்ல. கடல் மேல் இருந்தால் அவனுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதுபோல அவளுக்கு ஒரு எண்ணம்.

முதல் பயணம் முடிந்து கப்பல் கரை சேர்ந்த காலையில், விருந்தாளிகள் எல்லாம் முன்பக்கத்துப் படியில் இறங்கிப் போன பிறகு, வாசலே இல்லாத பின்பக்கத்திலிருந்து சனங்கள் இறங்கினார்கள். ஆண்கள் முண்டாசும் கோவணமுமாக, பெண்கள் ரவிக்கை இல்லாத சேலையோடு, தலையில் மூட்டை, கையில் தகரக் குவளை, ஒரு வாரக் கடல் பயணத்தில் வாந்தி எடுத்து வாந்தி எடுத்து வெளுத்த முகங்கள். இறங்கியதும் தரை ஆடுகிறதா என்று காலால் தட்டிப் பார்த்தார்கள். முன்னால் நின்ற தொப்புளான் என்கிறவன் துறைமுகக் காவலாளியைக் கும்பிட்டு, இதுதானே பினாங்கு என்று கேட்டான். இது கோரைத்துறை என்று காவலாளி சொன்னதும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சீமைக்கு வந்தாலும் இங்கேயும் நம்ம ஊர்ப் பெயரில் ஒரு ஊர் இருக்கிறதே என்று அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

எவ்வளவு சொல்லியும் அவர்களுக்கு அது ஏறவில்லை. தொப்புளான் பிறந்து வளர்ந்த வடக்குத் தெரு வழியாகவே அவனை நடத்திக்கொண்டு போனார்கள். அவன் நீச்சல் பழகிய குளத்தைக் காட்டினார்கள். அவன் கையாலேயே நட்டதாக அவன் வீட்டில் சொல்லிவந்த புளியமரத்தைக் காட்டினார்கள். அவன் எல்லாவற்றையும் மரியாதையோடு பார்த்துவிட்டு, இந்தத் தேசத்து மரமும் நம்ம பக்கத்து மரம் மாதிரியே இருக்கிறது என்றான். ஊர்ச் சனங்கள் பேசும் தமிழையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான்: இங்கத்திக்காரர்கள் பாவம், நமக்காகக் கற்றுக்கொண்டு பேசுகிறார்கள். அந்தக் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் கண்ணுக்குச் சொந்த ஊர் வெளியூராகத்தான் தெரியும் என்பதை ஊர் மெதுவாகப் புரிந்துகொண்டது.

பெரிய பெரிய அதிகாரிகள் வந்தார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்று கேட்டதற்கு இந்த நாட்டிலிருந்துதான் என்று பதில் வந்ததால், வந்தவர்களைத் திருப்பி அனுப்ப இடம் இல்லாமல், சும்மா விட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஆட்கள் இறங்கினார்கள். இரண்டாம் முறை ஊரே துறைமுகத்தில் கூடி நின்று அழுதது. போகப் போக அழுகை குறைந்தது. கடைசியில் கப்பல் வரும் காலைகளில் இறால் பண்ணைக்காரர்களின் வேன்கள் மட்டும் வரிசையாக வந்து நின்றன. வந்தவர்கள் வேலைக்கு என்று வந்தவர்கள். கங்காணி எங்கே, கங்காணி எங்கே என்று தேடியவர்கள். வேன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்ற எவனும் அவர்களுக்குக் கங்காணிதான். கூப்பிட்டதும் ஏறிக்கொண்டார்கள். உப்பளத்தில், செங்கல் சூளையில், இறால் பண்ணையில் குனிந்தவர்கள் நிமிராமல் வேலை செய்தார்கள். மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் ஊருக்குப் போய்விடலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஊரில் அதுவரை கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் வேலை இல்லாமல் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பஸ் ஏறினார்கள்.

தொப்புளானுக்கு அந்த ஊரில் சொந்தம் இருந்தது. கவுன்சிலர் குணசீலன், தொப்புளான் விட்டுவிட்டுப் போன கைக்குழந்தையின் பேரன். குணசீலன் நல்லவன்தான். மாலையும் மேளமுமாக வந்து, காலில் விழுந்து, வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தன் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார வைத்தான். தொப்புளான் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, என்ன வேலை எசமான் என்று கேட்டான். நீங்கள் எங்கள் தாத்தாவுடைய அப்பா என்று எத்தனை முறை சொன்னாலும், எசமானுக்கு வேடிக்கைப் பேச்சு அதிகம் என்று சிரித்தான். முதலில் அவன் மேசையருகே தரையில் சாப்பிட்டான். அப்புறம் சமையலறையில். சும்மா இருக்க முடியவில்லை என்று அவனே கெஞ்சியதால் இறால் பண்ணையில் தண்ணீர் பாய்ச்சப் போனான், தூரம் என்பதால் அங்கேயே கொட்டகையில் தங்கினான், சோறு பண்ணைக்கு வரும் வாளியில் வந்தது. ஆடி அமாவாசைக்கு மூதாதையர் பெயர் சொல்லித் திதி கொடுத்துவிட்டு வந்த குணசீலன், அன்று மதியம் வரப்பு உடைந்து இறால் வெளியே போனதற்குத் தொப்புளானைக் கையை ஓங்கிக்கொண்டு வைதான். ஓங்கிய கையை இறக்கிய பிறகு என்ன செய்கிறோம் என்று அவனுக்கே திடுக்கென்றது. ஆனால் மறுநாள் வைதபோது திடுக்கிடவில்லை.

அந்த வசவுக்குப் பிறகுதான் தொப்புளான், மூன்று வருஷக் கெடு முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பினான். குணசீலனும் குற்றவுணர்ச்சியில் கப்பல் மேலாளர் சுதர்சனத்தைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிவிட்டான். கப்பல் வட்டம் அடித்துவிட்டு விடிந்ததும் வந்தது. பின்பக்கத்திலிருந்து மூட்டையோடு தொப்புளான் இறங்கி, தரை ஆடுகிறதா என்று காலால் தட்டிப் பார்த்து, காவலாளியைக் கும்பிட்டு, இதுதானே பினாங்கு என்று கேட்டான். குணசீலனை அவனுக்குத் தெரியவில்லை. பண்ணை தெரியவில்லை. திட்டு வாங்கியதும் சோறு தின்றதும் எதுவும் அவனிடத்தில் இல்லை. அவனுக்குப் பின் ஊருக்குப் போகிறேன் என்று ஏறிய அத்தனை பேரும் அப்படியே இறங்கினார்கள். ஏறுகிறவன் தெரிந்தவனாக ஏறி, புதியவனாக இறங்கினான்.

சுதர்சனம் கெட்டிக்காரர். விருந்தாளிகள் மேல்தட்டில் காப்பிக் கோப்பையோடு நின்று அவர்கள் இறங்குவதைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று கண்டுகொண்டதும், காலைச் சிற்றுண்டி மேசைகளைப் பின்பக்கத்துக்கு மாற்றிப் போட்டார். கம்பெனி விளம்பரத்தில் ‘வந்திறங்கும் காட்சி’ என்று ஒரு வரி சேர்ந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பிலோமினா படுக்கை விரிப்புகளை மாற்றினாள். ஒவ்வொரு காலையும் அந்தச் சனங்களில் யாராவது ஒருவருக்குத் தண்ணீர் கொடுப்பாள், ரொட்டி கொடுப்பாள். எங்கேயோ ஒரு கரையில் தன் பிள்ளைக்கும் எவளாவது ஒருத்தி கொடுப்பாள் என்று ஒரு கணக்கு. அவள் மாதாவிடம் வேண்டிக்கொண்டது அதுதான். அவன் திரும்பி வரவேண்டும் என்றுகூட வேண்டவில்லை.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில், முண்டாசுகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே ஜீன்ஸ் போட்ட ஒருவன் இறங்கினான். முதுகில் பை. காலில் செருப்பில்லை. சட்டை முழுக்க உப்புப் பூத்திருந்தது. ரொட்டியோடு நின்ற பிலோமினாவுக்கு நேராக வந்து, அம்மா என்றான்.

அவள் கையிலிருந்த தட்டு விழுந்தது. அவன் குனிந்து ரொட்டித் துண்டுகளைப் பொறுக்கித் தட்டில் வைத்து நீட்டினான்.

“அம்மா, இங்க எங்கயாச்சும் தங்க எடம் கிடைக்குமா? நான் ஊருக்குப் புதுசு.”

வழியில் போகிற எந்தப் பெண்ணையும் கூப்பிடுகிற அம்மா அது.

அந்தக் கப்பலில் வருகிறவர்கள் எங்கே போய்விட்டு வருகிறவர்கள் என்பது கோரைத்துறையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். பிலோமினாவும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. டெல்வினை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அவன் வாசலில் பையை இறக்கிவைத்துவிட்டு, வாடகை எவ்வளவு என்று கேட்டான். அவன் பிறந்த வீடு. அவன் ஐந்தாம் வகுப்பில் காம்பஸ் முனையால் பெயர் கீறிய கதவு. கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டுப் பையனுக்கும் என் பெயர்தானா என்று ஆச்சரியப்பட்டான். அன்றிலிருந்து அவளை வீட்டுக்காரம்மா என்று கூப்பிட்டான்.

ஒரே ஒரு தடவை அவள் சொல்லிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த காலை, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“நான்தான்டா உங்கம்மா. பாருடா என்னை.”

அவன் முகத்தை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் கைகளை மெதுவாக எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு, உங்க மகன் கண்டிப்பா வந்துடுவாரு வீட்டுக்காரம்மா என்றான். அன்று சாயங்காலம் அவன் பக்கத்துத் தெருவில் வேறு அறை விசாரித்ததாகக் கேள்விப்பட்டு, பிலோமினா அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவன் வந்ததிலிருந்து துறைமுகத்தில் வேறு ஒரு கூட்டம் நிற்க ஆரம்பித்தது. வளைகுடாவுக்குப் போய்த் தகவல் இல்லாத பிள்ளைகளின் தாய்மார்கள், புயலில் திரும்பாத விசைப்படகுக்காரர்களின் மனைவிமார்கள். எந்தத் தலை தெரிகிறது என்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள். தன் ஆள் இல்லை என்று தெரிந்ததும் சிலர் மாரில் அடித்துக்கொள்வார்கள், சிலர் மாதாவே நன்றி என்று சிலுவை போட்டுக்கொள்வார்கள், சிலர் இரண்டையும் செய்வார்கள்.

டெல்வினுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. காலையில் போய்ப் பகலில் சாப்பிட வருவான். சாப்பாட்டு நேரத்தில் அவனுக்குப் பேச்சு ஒன்றுதான்: எங்கம்மா. எங்கம்மாவுக்கு முட்டி வலி, எங்கம்மா மாத்திரை போட மாட்டா, எங்கம்மா தனியா இருந்தா சமைக்கவே மாட்டா, டீயைக் குடிச்சிட்டுப் படுத்துக்குவா. தன்னைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருந்தானா என்று பிலோமினா வியந்து வியந்து கேட்டாள். உயிரோடு ஊரில் இருந்தபோது அவன் அவளிடம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். இப்படி ஒரு பிள்ளை கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, நெஞ்சை அறுத்துக்கொள்வதா என்று தெரியாமல் அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைப்பாள்.

அவன் அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தான். எண்ணைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி அழுத்துவான். சரியான எண்தான். அடுப்படியில் பிலோமினாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அசையாமல் கிடக்கும். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் அவன் காதில் சொல்லும். அவனுடைய பயம் நாளாக நாளாக வளர்ந்தது. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தான்.

தொப்புளான் ஏறுவதையும் இறங்குவதையும் பிலோமினா அதற்குள் எத்தனையோ முறை பார்த்திருந்தாள். இவனும் ஏறினால் விடிந்ததும் இறங்குவான். ஆனால் அவளிடமே வருவான் என்று என்ன நிச்சயம்? வேன் கதவு திறந்திருந்தால் அதில் ஏறிக்கொள்வான். வீட்டுக்காரம்மா என்கிற உறவும் போய்விடும். ஆகவே அவள் ஒரு பொய் சொன்னாள். நான் கப்பலில் வேலை செய்கிறவள்தானே, உங்கள் ஊர்ப் பக்கம்தான் கப்பல் போய்த் திரும்புகிறது, நான் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றாள்.

அடுத்த பயணத்திலிருந்து வந்ததும், பார்த்தேன் என்று சொன்னாள். நல்லா இருக்காங்க. போன் கிணத்துல விழுந்துடுச்சாம், அதான் எடுக்கல. முட்டி வலி பரவாயில்ல. மாத்திரை ஒழுங்கா போடறாங்க. அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். என்ன சேலை கட்டியிருந்தாங்க என்று கேட்டான். இளைத்திருந்தாங்களா என்று கேட்டான். அவள் குனிந்து தன் சேலையைப் பார்த்து நிறம் சொன்னாள். இளைச்சுத்தான் இருந்தாங்க என்றும் சொன்னாள், ஏனென்றால் அது உண்மை. அன்று அவன் சிரித்துக்கொண்டே ஐஸ் கம்பெனிக்குப் போனான். அதன்பின் பயணத்துக்குப் பயணம் அவள் தன்னிடமிருந்து அவனுக்குச் சேதி கொண்டுவந்தாள், அவனிடமிருந்து தனக்குச் சேதி வாங்கிக்கொண்டாள். உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க என்பான். சொல்றேன் என்பாள். வாழ்நாளில் தனக்கு இவ்வளவு ஆறுதல் வந்த நாட்கள் இல்லை என்று அவளுக்குத் தோன்றும், தோன்றியதும் பயமாக இருக்கும்.

பயந்தபடிதான் ஆனது. அம்மா நன்றாக இருக்கிறாள் என்ற சேதியே அவனுக்கு ஆசையைக் கிளப்பிவிட்டது. மாதா திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறேன், தேரிழுக்கும்போது அம்மா பக்கத்தில் நிற்க வேண்டும் என்றான். அவளுக்கு ஒரு சேலையும், முட்டிக்குத் தேய்க்கிற தைலமும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். அவனே போய் சுதர்சனத்தைப் பார்த்துக் கப்பலில் ஏற அனுமதியும் வாங்கிவிட்டான். பிலோமினா சுதர்சனத்தின் அறைக்குப் போய், அவனை ஏற்றாதீர்கள் சார் என்று கேட்டுப் பார்த்தாள். ஏன் என்றார். என் மகன் என்றாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் போக விரும்புகிறவனை நாம் எப்படித் தடுப்பது என்றார். ஜீன்ஸ் போட்டவர்கள் இறங்குவதை விருந்தாளிகள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், இறங்கும்போது மட்டும் அவன் ஒரு வேட்டி கட்டிக்கொண்டால் நல்லது என்றும் சொன்னார்.

அவன் ஏறவிருந்த பயணத்துக்கு முந்தின பயணம் முழுவதும் அவள் யோசித்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஓடிப்போவான். கோபமாக இருக்கிறாள் என்றால் சமாதானப்படுத்தப் போவான். அழுகிறாள் என்றால் கேட்கவே வேண்டாம். செத்துவிட்டாள் என்றால் காரியம் செய்யப் போவான். ஒரு பிள்ளையைத் தாயிடம் போகாமல் நிறுத்தி வைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைக் கண்டுபிடித்தபோது அவள் ஒரு விருந்தாளியின் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். பாதி மாட்டிய உறையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

கப்பல் கரை சேர்ந்த அன்று மதியம் அவன் சாப்பிட வந்தான். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். அவன் கையைச் சோற்றில் வைத்தபடி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“திருவிழாவுக்கு வர்றேன்னு சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“வர வேண்டாம்னாங்க.”

அவனுக்குப் புரியவில்லை. எங்கம்மாவா என்று கேட்டான். அவள் ஆமாம் என்றாள்.

“கோவமா சொன்னாங்களா?”

“இல்ல.”

“அழுதாங்களா?”

“இல்லப்பா. சும்மா சாதாரணமாத்தான் சொன்னாங்க. வந்து என்ன செய்யப்போறான், அவன் அங்கயே இருக்கட்டும்னாங்க.”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வேறு எதுவும் சொன்னாங்களா என்று ஒரு தடவை கேட்டான். அவளுக்கு நாக்கு நுனிவரை எல்லாம் வந்தது. வேற ஒண்ணும் சொல்லல என்றாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனான். கொல்லையில் வாளித் தண்ணீர் கொட்டுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அவன் கப்பல் ஏறவில்லை. சேலையையும் தைலத்தையும் பையிலிருந்து எடுத்து, நீங்களே வச்சுக்கங்க என்று அவளிடம் கொடுத்துவிட்டான். தேர் அன்று ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். அடுத்த பயணத்திலிருந்து அவள் வந்தபோது அவன் எதுவும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த பயணத்திலும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பேச்சு ஐஸ் விலையைப் பற்றியும் மின்வெட்டைப் பற்றியும் ஆனது, பிறகு அதுவும் குறைந்து ஒரு நாளைக்கு நாலு வார்த்தை என்று ஆனது.

ஒரு மதியம், புதிதாக இறங்கி எதிர்வீட்டில் தங்கியிருந்த ஒரு கிழவர் வாசலில் நின்று அவனிடம் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்.

“யாரும் இல்ல பெரியவரே,” என்றான் டெல்வின்.

பிலோமினா உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சி முழுக்க வடிந்து முடிகிறவரை பானையைப் பிடித்தபடி நின்றாள். பிறகு பானையை நிமிர்த்தி வைத்து, தட்டைக் கழுவி, தம்பி சாப்பிட வா என்று கூப்பிட்டாள். அவன் வந்து உட்கார்ந்தான்.